எனக்கு ஒண்ணும் ஆகலையே!

"ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி வேண்டாம் சார், ஏற்கெனவே நாலு கட்டுரை வந்தாச்சு" என்று மலர்க் குழுவினர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள். ஆகவே பாதரசத்தைப் பற்றி எழுதுகிறேன். நம் காலத்தில் பிசிக்ஸ் லேபில் கால் வைத்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. பாயில் விதிக் கருவியில் ரப்பர் குழாய் நழுவும். வெள்ளிக் குண்டுமணிகள் மேஜையெல்லாம் ஓடும். பிராக்டிகலை மறந்துவிட்டு அவற்றை விரலால் துரத்திக்கொண்டிருப்போம். என் பக்கத்து மேஜைக்காரனின் தங்க மோதிரம் ஒருநாள் பாதரசம் பட்டு வெளுத்துப்போய், "வீட்ல அப்பா கொன்னுருவாருடா" என்று அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

சிந்தியதை அள்ளுவது லேப் அட்டெண்டர் அண்ணாச்சியின் வேலை. ஒரு போஸ்ட் கார்டை மடித்து முறம்போல் ஆக்கி, குனிந்து ஒவ்வொரு மணியாகச் சேர்த்து, மெல்லிய மல் துணியில் பிழிந்து பாட்டிலில் திரும்ப ஊற்றுவார். வெறும் கைதான். "அண்ணாச்சி, அது விஷமாமே?" என்று கேட்டால் சிரிப்பார். "தம்பி, முப்பது வருசமா இதுகூடத்தான் கெடக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

கெமிஸ்ட்ரி லேபில் இன்னொரு அட்டெண்டர் இருந்தார். அவருக்குக் கை நடுங்கும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். சின்ன விஷயத்துக்கெல்லாம் முகம் சிவந்து கோபப்படுவார், பிறகு தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். நாங்கள் பையன்கள், வேறென்ன செய்வோம், அவர் நடுக்கத்தை நடித்துக் காட்டிச் சிரித்தோம். குடிக்கிறார் என்று ஒரு வதந்தி. சர்வீஸ் முடியுமுன்பே வேலையை விட்டுப் போனார். நடுக்கம், எரிச்சல், கூச்சம் இம்மூன்றும் பாதரச ஆவியின் பழைய அடையாளங்கள் என்பதை நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அவரை யாரும் பரிசோதிக்கவில்லை.

அண்ணாச்சி சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தின் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது. ஒரே விஷம், ஒரே வீடு, ஒரே வேலை. ஒருவர் விழுகிறார், பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறார். இந்த வித்தியாசத்தை மருத்துவ உலகம் எப்படி எப்படியெல்லாம் தப்பாகப் படித்தது என்பதே நான் சொல்ல வந்த கதை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கைக்குழந்தைகளுக்கு விசித்திரமான ஒரு வியாதி வந்தது. கையும் காலும் ரோஜா நிறத்தில் சிவந்து தோல் உரியும். வியர்த்து ஊற்றும். வெளிச்சம் பார்க்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். முடியைப் பிடுங்கிக்கொள்ளும், பல் உதிரும், இரவு பகலாக அழும். 1914-ல் ஆக்லாந்தில் நடந்த மருத்துவ மாநாட்டில் அடிலெய்டைச் சேர்ந்த டாக்டர் ஸ்விஃப்ட் இதைப் பற்றிப் பேசினார். 'பிங்க் டிசீஸ்' என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. காரணம் மட்டும் பிடிபடவில்லை. கிருமி என்றார்கள் சிலர்; வைட்டமின் குறைவு என்றார்கள் வேறு சிலர். இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. குழந்தைகள் செத்துக்கொண்டும் இருந்தன.

விடை எங்கே இருந்தது தெரியுமா? தாய்மாரின் கையில். பல் முளைக்கும் காலத்தில் குழந்தை சிணுங்கினால் கொடுக்கும் பொடி ஒன்று கடைக்குக் கடை விற்றது. அதில் முக்கியச் சரக்கு கலோமெல், அதாவது பாதரச குளோரைடு. நம் சித்த வைத்தியர்கள் பூரம் என்று சொல்வது இதைத்தான். வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று அந்நாட்டு டாக்டர்களே தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்த மருந்து அது. யார் அதைச் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகப்பட்டவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குக் குடியேறிய குழந்தை மருத்துவர் ஜோசப் வார்கனி. 1945-ல் இந்நோய் கண்ட ஒரு குழந்தையின் சிறுநீரைச் சோதித்தபோது அதில் பாதரசம் ஏராளமாக இருந்தது. அவரும் வேதியியலாளர் டொனால்ட் ஹப்பர்டும் மேலும் குழந்தைகளைச் சோதித்து 1948-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. எதிர்ப்பு அப்போதுதான் ஆரம்பித்தது.

எதிர்த்தவர்கள் முட்டாள்கள் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்தப் பொடி எத்தனையோ வீடுகளில் போகிறதே, எல்லாக் குழந்தைக்கும் அல்லவா வியாதி வர வேண்டும்? பொடி சாப்பிட்ட குழந்தைகளில் ஐந்நூற்றுக்கு ஒன்றுக்குத்தான் இந்நோய் வந்ததாகப் பின்னாளில் மதிப்பிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்நூறு வீட்டில் பொடி கொடுத்தால் 499 வீட்டில் பிள்ளை ஜம்மென்று தவழ்கிறது. அந்த 499 தாய்மாரும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள்: "எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே!" போதாததற்கு, நோயில்லாத சில குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் தென்பட்டது. இதை வைத்துப் பாதரசம் நிரபராதி என்று வாதாடுவது ரொம்ப சுலபம்.

வார்கனியின் பதில் எளிமையானது. விஷம் ஒன்றுதான், உடம்புகள் வேறு. சில குழந்தைகளின் உடலில் பாதரசத்தைத் தாங்க முடியாத ஒரு தனித்தன்மை இருக்கிறது என்றார். அந்தத் தனித்தன்மை என்ன என்று காட்ட அன்று கருவி இல்லை. 1953-ல்தான் டி.என்.ஏ.வின் வடிவமே தெரியவந்தது! கடைசியில் வாதத்தைத் தீர்த்தது ஒரு வியாபார முடிவு. 1954-ல் பிரிட்டனில் முக்கியத் தயாரிப்பாளர்கள் பல் பொடியிலிருந்து கலோமெலை எடுத்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பிங்க் டிசீஸ் அநேகமாக மறைந்தே போயிற்று. இன்று குழந்தை மருத்துவம் படிக்கிறவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, அவ்வளவுதான்.

ஜப்பானின் மினமாட்டா பலருக்கும் தெரிந்த கதை, வேகமாகக் கடந்துவிடுகிறேன். சிஸோ கம்பெனியின் ஆலைக்கழிவில் வந்த மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனவக் குடும்பங்களை வீழ்த்தியது. 1956 மே 1-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. 1959-ல் ஆலை மருத்துவர் ஹொசோகாவா கழிவைப் பூனைக்கு ஊட்டி உண்மையைக் கண்டார். அந்த முடிவை ஆலை வெளியே விடவில்லை. அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். நம் விஷயத்துக்கு வேண்டியது இதுதான்: அங்கும் ஒரே பானையில் சாப்பிட்டவர்களில் ஒருவர் படுக்கையில், ஒருவர் படகில். கருவுற்ற தாய்க்கு லேசான மதமதப்பு மட்டும் இருக்க, வயிற்றிலிருந்த குழந்தை மூளை சிதைந்து பிறந்தது. இது பரம்பரை வித்தியாசம் இல்லை, வளரும் மூளைக்கும் வளர்ந்த மூளைக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். உடம்புக்கு உடம்பு மாறுவதற்கு மரபணு ஒரு காரணம். வயது, உணவு, அளவு என்று வேறு காரணங்களும் உண்டு.

இனி ஈராக். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வித்தியாசத்தை எண்ணிக்கையாகக் காட்டியது அங்கே நடந்த துயரம்.

1971-ல் ஈராக் அரசு விதைக்கென்று சுமார் 73,000 டன் கோதுமையும் 22,000 டன் பார்லியும் இறக்குமதி செய்தது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மெத்தில் பாதரசம் தடவிய விதை. அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம். மூட்டையில் எச்சரிக்கை அரபு மொழியில் இல்லை. பல இடங்களில் விதைப்பு முடிந்த பிறகே மூட்டை வந்து சேர்ந்தது. வீட்டில் கோதுமை, வயிற்றில் பசி. விவசாயிகளும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிடவில்லை. கழுவிப் பார்த்தார்கள், சாயம் போயிற்று, விஷமும் போயிற்று என்று நம்பினார்கள். கோழிக்குப் போட்டுச் சில நாள் பார்த்தார்கள், கோழி சாகவில்லை. மாவரைத்து ரொட்டி சுட்டார்கள். மெத்தில் பாதரசத்தின் சூழ்ச்சி அதுதான். உள்ளே போய் வாரக்கணக்கில் சும்மா இருக்கும். பிறகு விரல் நுனி மரத்துப்போகும், நடை தள்ளாடும், பார்வை சுருங்கும். 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 459 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் பாக்தாத் டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தால், சராசரி 65 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 45 முதல் 105 நாள் வரை மாறியது. ஈராக் அணுசக்தி ஆணையத்தின் வேதியியலாளர் ஹுசைன் அல்-ஷஹ்ரிஸ்தானி இதை வேறு வழியில் அளந்தார். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போது அன்றைய ரத்தத்திலுள்ள பாதரசத்தையும் உள்ளே பூட்டிக்கொள்கிறது. ஆக, ஒரு நீளமான முடி என்பது டைரி மாதிரி. அதைத் துண்டு துண்டாக வெட்டி, நியூட்ரான்களால் தாக்கி, எந்த மாதம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். 1974-ல் அவரும் ஷிஹாபும் வெளியிட்ட கணக்கின்படி பாதியாகும் காலம் 35 நாளிலிருந்து 189 நாள் வரை பரந்து கிடந்தது. அதிலும் ஒரு ஆச்சரியம்: மக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். பெரும்பாலோருக்குச் சராசரி 65 நாள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு 119 நாள்.

இதன் அர்த்தத்தைத் தொட்டித் தண்ணீர் கணக்காக யோசித்துப் பாருங்கள். குழாய் ஒரே அளவில் கொட்டுகிறது. ஒரு தொட்டியில் வடிகால் அகலம், மற்றதில் குறுகல். தினமும் ஒரே ரொட்டியைத் தின்றாலும் 189 நாள்காரர் உடம்பில் நாளடைவில் தேங்கும் பாதரசம் 35 நாள்காரரைப் போல ஐந்து மடங்கைத் தாண்டிவிடும். நம் அண்ணாச்சியும் டீ கிளாஸ் அண்ணனும் ஞாபகத்துக்கு வருகிறார்களா?

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மனசு கேட்காது. அந்த ஷஹ்ரிஸ்தானி, சதாம் உசேனின் அணுகுண்டு வேலைக்கு உடன்பட மறுத்ததற்காக 1979-ல் பிடித்துக்கொண்டு போகப்பட்டார். சித்திரவதை, வருஷக்கணக்கில் தனிமைச் சிறை. 1991 வளைகுடாப் போரின் குழப்பத்தில் அபு கிரைப் சிறையிலிருந்து தப்பினார். 2006-ல் ஈராக்கின் எண்ணெய் அமைச்சரானார். முடியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கணக்கெடுத்த கை அது.

சரி, வடிகால் ஏன் ஒருவருக்கு அகலம், ஒருவருக்குக் குறுகல்? இரண்டு கூட்டம் என்றதுமே பரம்பரை என்ற எண்ணம் வரும். ஆனால் அதை நிரூபிக்க மேலும் முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் தீராத மோகம் என்பது நாம் பி.எஸ்ஸி.யில் படித்ததுதான். நம் கல்லீரலில் குளுட்டதயோன் என்று ஒரு சிறு மூலக்கூறு உண்டு, கந்தகத்தைக் கையில் ஏந்தியது. அது மெத்தில் பாதரசத்தைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு பித்தநீரில் இறக்கிவிடும். அங்கிருந்து குடல், பிறகு வெளியேற்றம். இந்தக் குளுட்டதயோனைத் தயாரிக்கும் நொதிகளுக்கும், அதைப் பயன்படுத்தும் நொதிகளுக்கும் உரிய மரபணுக்கள் எல்லாருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் இல்லை. ஓரெழுத்து மாறியவர்கள் ஏராளம். அது நோயும் அல்ல, குறையும் அல்ல, கண்ணின் நிறம் மாதிரி. 2004, 2005 ஆண்டுகளில் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் மீன் சாப்பிடுபவர்களையும், ஈக்வடாரில் பாதரசம் கொண்டு தங்கம் பிரிக்கும் சுரங்கத் தொழிலாளர்களையும் சோதித்தார்கள். இந்த எழுத்து மாற்றங்களுக்கேற்ப உடலில் தங்கும் பாதரசமும் மாறுவதைக் கண்டார்கள்.

தங்குவது ஒரு பக்கம். தங்கியது என்ன பண்ணுகிறது என்பது இன்னொரு பக்கம். சியாட்டிலில் ஜேம்ஸ் வுட்ஸ், டயானா எச்செவெரியா குழுவினர் பல் டாக்டர்களையும் அவர்களுடைய உதவியாளர்களையும் ஆராய்ந்தார்கள். பல்லில் அடைக்கும் வெள்ளிக் கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பதால் அதன் ஆவியைத் தினமும் சுவாசிப்பவர்கள் அவர்கள். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் தயாராகும் பாதையில் ஒரு நொதி. அதன் மரபணுவில் 'சிபிஓஎக்ஸ்4' என்ற மாற்றம் உள்ளவர்களின் சிறுநீரில், பாதரசத்தால் ஏற்படும் வேதி மாற்றம் மற்றவர்களைவிடத் தூக்கலாகத் தெரிந்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லிஸ்பன் ஆராய்ச்சி. 1997-ல் தொடங்கி, 8 முதல் 10 வயதுள்ள 507 குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பாதரசக் கலவையும் மற்றவர்களுக்கு வேறு பொருளும் பல்லில் அடைத்து ஏழாண்டு கவனித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது: நினைவாற்றல், கவனம், நரம்பு வேகம் எதிலும் இரு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நல்ல செய்திதான். பிறகு 2012-ல் அதே குழந்தைகளில் 330 பேரின் மரபணுவோடு பொருத்தி மறுபடி பார்த்தார்கள். சிபிஓஎக்ஸ்4 மாற்றம் உள்ள ஆண் பிள்ளைகளில், பாதரசம் கூடக்கூடப் பல தேர்வுகளில் மதிப்பெண் குறைந்தது. பெண் பிள்ளைகளில் அப்படி அநேகமாக ஒன்றும் இல்லை. சராசரி என்ற பெரிய போர்வைக்குள் ஒரு சிறு கூட்டம் மறைந்திருந்தது, கலோமெல் காலத்து ஐந்நூற்றில் ஒன்று மறைந்திருந்தது போலவே.

நம் மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஓர் எச்சரிக்கை. இவையெல்லாம் சிறிய ஆராய்ச்சிகள். வேறு ஊரில், வேறு மக்களிடம் திரும்பச் செய்து பார்த்தால்தான் நிலைக்கும். ஒரே ஒரு மரபணு உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ரத்தம் கொடுத்து, "உனக்குப் பாதரசம் ஆகும், உனக்கு ஆகாது" என்று சீட்டு எழுதித் தரும் டெஸ்ட் இன்று கிடையாது. இருப்பதாகச் சொல்லி யாராவது விற்றால் பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பல்லில் அடைத்ததைப் பிடுங்க ஓடவும் வேண்டாம். பிடுங்கும்போதுதான் ஆவி அதிகம் வரும்.

எனக்குள்ள கவலை வேறு. அன்று "எல்லாருக்கும் ஆகலையே" என்று சொல்லி விஷத்தைக் காப்பாற்றினார்கள். நாளைக்கு "உன் மரபணு சரியில்லை" என்று சொல்லி அதே விஷத்தைக் காப்பாற்றலாம். கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஒரு ரயில்வே கம்பெனி, வேலையில் மணிக்கட்டு கெட்டுப்போன தொழிலாளர்களின் ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலே மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. 2001-ல் வழக்காகி, 2002-ல் 22 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. 2008-ல் வேலை தருபவர்கள் மரபணுத் தகவலை வைத்து ஆளைப் பிரிக்கக் கூடாதென்று அங்கே சட்டமே வந்தது. நம் பக்கத்தில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்ட பிறகு, தங்கள் உடல்நலம் கெட்டது பாதரசத்தால்தான் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கு வந்து ஒருவருக்கு வராதபோது, வந்தவர் பேச்சை நம்புவதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை.

வித்தியாசத்தை நேர்மையாகப் படிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது; அது சட்டப் புத்தகத்தின் ஒரு மூலையில் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. மெத்தில் பாதரசம் ஒருவர் உடலுக்குள் தினமும் எவ்வளவு போகலாம் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். ஃபாரோ தீவுகளில் தாயின் மீன், திமிங்கிலக் கறி உணவால் பிள்ளைகளுக்கு வந்த பாதிப்பை அளந்து, கிடைத்த எண்ணை அப்படியே வைக்காமல் பத்தால் வகுத்தார்கள். அந்தப் பத்தில் ஏறக்குறைய மூன்று, வடிகால் குறுகியவர்களுக்காக. இன்னொரு மூன்று, தங்கியது குறைவானாலும் அதிகம் பாதிக்கப்படுகிறவர்களுக்காக. இவர் யார், அவர் யார் என்று யாரையும் சோதித்துப் பிரிக்க வேண்டியதில்லை. தாங்க முடியாதவரை மனதில் வைத்து எல்லாருக்கும் ஒரே வேலி. இந்தியா உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ள, 2013-ல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தமும் பாதரசம் சேர்த்த தெர்மாமீட்டர், பல்பு போன்றவற்றை எல்லாருக்குமாகத்தான் ஒழிக்கப் பார்க்கிறது.

போன வருஷம் நம் கல்லூரிக்குப் போயிருந்தேன். பழைய பாயில் விதிக் கருவிகள் இல்லை. பாதரச பாட்டில் பூட்டிய அலமாரியில், கனமான தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாவி துறைத் தலைவரிடம். அண்ணாச்சி எண்பத்து நாலு வயது வரை திடகாத்திரமாக இருந்து போனார் என்று அவர் மகன் சொன்னார். "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகலை சார்."

கெமிஸ்ட்ரி லேப் அண்ணனைப் பற்றி விசாரித்தேன். ஆபீசில் பழைய ரிஜிஸ்டரில் பெயர் இருந்தது, ஊர் இல்லை. அவர் குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சந்திப்பு நாளன்று என்னைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் வரை பழைய லேப் வாசலில்தான் நிற்பேன்.